ஏழைக்கு வீடு ஏன் எட்டவில்லை? தேனி, கம்பம் பள்ளத்தாக்கு நகரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியும் களமும்

நகரத்து ஏழைக் குடும்பம் நெரிசலான, வசதி குறைந்த வீட்டில் இருப்பது ஏன்? அந்த வீட்டுக்கே வருமானத்தில் பெரும்பங்கு போவது ஏன்? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்தே கேட்கப்பட்டு வருகின்றன. கட்டடம் போதவில்லை என்று ஒரு தரப்பு சொன்னது. தண்ணீரும் வடிகாலும் போதவில்லை என்றது இன்னொன்று. நிலத்தில் உரிமை இல்லாததே காரணம், வாடகைச் சந்தையின் ஒழுங்கின்மையே காரணம், கூலிக் குறைவே காரணம் என்ற விடைகளும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு சட்டமாகவோ திட்டமாகவோ தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

விவாதம் வளர்ந்ததெல்லாம் மான்செஸ்டர், லிமா, மும்பை, சென்னை போன்ற பெருநகரங்களை வைத்து. சிறு நகரங்களின் வரிசை ஒன்றில் அதே விடைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் தேனி மாவட்டம் ஏற்ற களம். மதுரையிலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமான இது, வயலும் தோப்புமாகவே வெளியூர்க்காரர் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 12,45,899 பேரில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் நகர்ப்புறவாசிகள். மாநில அளவான 48 விழுக்காட்டைவிட இது கூடுதல். தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என ஆறு நகராட்சிகள். அவற்றோடு 22 பேரூராட்சிகள். 2011இல் இவற்றில் எந்த ஊரும் ஒரு லட்சம் மக்களைத் தொடவில்லை. தேனி அல்லிநகரத்தின் மக்கள்தொகையே 94,453தான்.

இந்நகரங்களின் பிழைப்பு மூன்று காலில் நிற்கிறது. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரால் நடக்கும் நெல், வாழை, திராட்சை விவசாயம் ஒன்று. தேனியின் சந்தையும் பஞ்சாலைகளும் மற்றொன்று. மூன்றாவது, மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஏலத் தோட்டங்கள். இந்த மூன்றாவது கால் குடியிருப்புக் கேள்வியை எப்படி மாற்றுகிறது என்பது கட்டுரையின் பிற்பகுதியில் முக்கியமாகும்.

எண்ணிக்கையின் சிக்கல்

விடைகளுக்கு முன் அளவீட்டைப் பார்க்க வேண்டும். குடிசைப் பகுதி என்று எதைக் கணக்கெடுப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு தொடங்குகிறது. 2011 கணக்கெடுப்பு மூன்று வகைகளை ஏற்றது: சட்டப்படி அறிவிக்கப்பட்டவை, அரசோ உள்ளாட்சியோ அங்கீகரித்தவை, கணக்கெடுப்பாளர்களே இனங்கண்டவை. மூன்றாவது வகைக்குக் குறைந்தது 300 பேர் அல்லது 60 முதல் 70 குடும்பங்கள் நெருக்கமாக வாழ வேண்டும் என்பது வரையறை.

பெருநகரத்துக்கு இந்த வரம்பு பொருந்தலாம். பள்ளத்தாக்கு நகரங்களில் ஏழைகளின் வீடுகள் வாய்க்கால் கரையில் இருபது, ஆற்றோரப் புறம்போக்கில் முப்பது, பழைய தெருவின் பின்புறத்துக் காம்பவுண்டில் பத்து லைன் வீடுகள் என்று சிதறிக் கிடக்கும். இவை ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே நழுவிவிடக்கூடும். மேலும், அந்தக் கணக்கு சட்டப்படி அமைந்த நகரங்களுக்கு மட்டுமே உரியது. தேனியை ஒட்டிய ஊஞ்சாம்பட்டி போன்ற ஊர்கள் பார்வைக்கு நகரமாகவே இருந்தாலும் நிர்வாகத்தில் கிராம ஊராட்சிகள். எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் நகர்ப்புற வீட்டுத் திட்டம், மறுபக்கம் ஊரகத் திட்டம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அடுத்த எண்கள் வரும்வரை எல்லா வாதங்களும் பழைய எண்களின் மேலேயே நிற்கின்றன.

எது பற்றாக்குறை என்பதும் தீர்ந்த கேள்வி அன்று. அமிதாப் குண்டு தலைமையிலான வல்லுநர் குழு 2012இல் இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87.8 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி நெரிசலில் வாழும் குடும்பங்கள். வீடே இல்லாதவை 5.3 லட்சம்தான். பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்தோரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சேர்ந்தது. அதே காலத்தில் நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்ததை 2011 கணக்கெடுப்பு காட்டியது. எனவே கட்டடங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்ற வாதம் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது.

முதல் விடை: குடிசையை அகற்றி வீடு கட்டுவது

ஆயினும் தமிழ்நாட்டில் மிகச் செல்வாக்குப் பெற்றது அந்த விடைதான். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய வாரியம் பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிந்து, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது தொடக்கக் கால நோக்கு. நிலம் விலையேற, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனக் குடியிருப்புகள் நகரின் விளிம்புக்குத் தள்ளிப்போயின.

இந்த வழியின் பலவீனத்தை நன்கு ஆராய்ந்தவற்றுள் அகமதாபாத் ஆய்வு ஒன்று. 1987இல் குலுக்கல் முறையில் நகருக்கு வெளியே வீடு பெற்ற பெண் தொழிலாளர் குடும்பங்களை, பெறாத குடும்பங்களோடு பல ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். வீடு கிடைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அங்கே குடியேறவே இல்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் குடியேறிய பின் வெளியேறியிருந்தனர். வருமானத்திலோ பிள்ளைகளின் முன்னேற்றத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உறவும் அக்கம்பக்கமும் அறுந்ததே அதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் கருதினர்.

பள்ளத்தாக்கில் ஊர்கள் சிறியவை என்பதால் தொலைவு பெரிய சிக்கல் ஆகாது என்று வாதிடலாம். ஐந்தாறு கிலோமீட்டர் என்பது சென்னையில் பக்கத்துத் தெரு. ஆனால் விடியுமுன் ஜீப் ஏற வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கும், சந்தையில் காலையிலேயே மூட்டை இறக்க வேண்டிய சுமைதூக்குபவருக்கும் முதல் பேருந்து எப்போது வரும் என்பதுதான் தொலைவு. போதாததற்கு, ஒதுக்கீடு பெறுபவர் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும். அதைக் கடன் வாங்கிக் கட்டினால், இலவசமாகத் தோன்றும் வீடு மாதத் தவணையாகிவிடுகிறது.

இரண்டாம் விடை: இருக்கும் இடத்திலேயே மேம்பாடு

இடிப்பதற்கு எதிரான குரலும் பழையது. பாட்ரிக் கெடிஸ் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்டு 1915இல் எழுதிய அறிக்கைகளில் மதுரையும் இடம்பெற்றது. தெருக்களைத் தகர்த்து அகலப்படுத்துவதற்குப் பதிலாக, தேவையான இடத்தில் மட்டும் சிறிது திறந்து காற்றும் வடிகாலும் கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. பெருவில் பணியாற்றிய ஜான் டர்னர் 1976இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் வலுவாகச் சொன்னார்: ஏழைகள் காலப்போக்கில் தாமே கட்டிக்கொள்ளும் வீடு அவர்கள் தேவைக்கு ஏற்ப வளர்கிறது, அரசு நிலத்தையும் அடிப்படை வசதியையும் கொடுத்தால் போதும்.

உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் இக்கருத்தைச் செயலாக்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் வசதியும் தரப்பட்டன. கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. அக்காலத்தில் தோல்வி என்று ஒதுக்கப்பட்ட இவ்வகைத் திட்டங்களை 2018இல் வெளியான ஒரு மறுஆய்வு, நன்கு வளர்ந்த கலப்புக் குடியிருப்புகளாக அடையாளம் கண்டது.

பள்ளத்தாக்கு நகரங்களுக்கு இந்த விடை முதல் விடையைவிட நெருக்கமானது. இங்கே வசதிக் குறைவின் பெரும்பகுதி தெருவில் இருக்கிறது: எப்போதோ வரும் குழாய்த் தண்ணீர், பலருக்குப் பொதுவான கழிப்பறை, மழைக்கு நிரம்பும் சாக்கடை. பக்கத்திலேயே ஆறு ஓடினாலும் தெருக்குழாய் நம்பகமாக வருவதில்லை. என்றாலும் இரண்டு குறைகள் உண்டு. மேம்பட்ட தெருவில் வாடகை ஏறும். பயன் வீட்டுக்காரருக்கும் சுமை குடியிருப்பவருக்கும் போகலாம். அடுத்து, நகராட்சி செலவழிக்க வேண்டுமானால் அந்த இடம் முறையான இடமாக இருக்க வேண்டும். அங்கேதான் மூன்றாம் விடை நுழைகிறது.

மூன்றாம் விடை: பட்டா

எர்னாண்டோ டி சோட்டோ 2000இல் எழுதிய நூலின் வாதம் எளிது: ஏழைகளிடம் சொத்து இருக்கிறது, பத்திரம் இல்லை, பத்திரம் கொடுத்தால் அதை அடகு வைத்து மூலதனம் திரட்டுவார்கள். அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரிஸ் புறநகரில் நடந்த ஆய்வு இதைப் பாதி மட்டுமே உறுதி செய்தது. உரிமை பெற்றவர்கள் வீட்டில் கூடுதலாகச் செலவழித்தார்கள். வங்கிக் கடன் பெரிதாகக் கூடவில்லை.

தமிழ்நாட்டில் பட்டாக் கோரிக்கை டி சோட்டோவுக்கு மிக முந்தையது. இலவச வீட்டுமனைப் பட்டா பல பத்தாண்டு அரசியலின் முக்கிய வாக்குறுதி. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பட்டா இல்லாத குடும்பம் வீட்டுவரி ரசீதையும் மின் இணைப்பையும் பத்திரமாக வைத்திருக்கும். ஆக்கிரமிப்புக்காக வருவாய்த் துறை 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொடுக்கும் ‘பி மெமோ’வைக்கூட இத்தனை வருடம் இங்கேதான் இருக்கிறோம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு.

இந்த விடை பள்ளத்தாக்கில் இரண்டு இடங்களில் முட்டுகிறது. முதலாவது நீர்நிலை. ஆட்சேபணையற்ற புறம்போக்கை வரன்முறை செய்யலாம். ஆறு, கண்மாய், வாய்க்கால் புறம்போக்கை முடியாது. ஏரிகளைக் காக்க 2007இல் வந்த சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் இதை இறுக்கியிருக்கின்றன. பாசனத்தால் வாழும் பள்ளத்தாக்கில் நகரின் நடுவிலும் ஓரத்திலும் தண்ணீர் வழித்தடங்கள் ஓடுகின்றன. ஏழைக்கு எஞ்சிய இடமும் அவற்றின் கரையே. வாய்க்காலைக் காப்பது கடைமடை விவசாயிக்கு நியாயம், கரையில் இருப்பவரைக் காப்பது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒரே பட்டாவால் தீர்க்க முடியாது.

இரண்டாவது சாதி. மனை எங்கே ஒதுக்கப்படுகிறது என்பது நில விலையால் மட்டும் முடிவாவதில்லை. காலனி தனியாகவும் ஊர் தனியாகவும் நிற்கும் பழைய வரைபடத்தின் மீதே நகரம் பரவியிருக்கிறது. 1989இல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரம் அந்தக் கோடுகள் எவ்வளவு ஆழமானவை என்று காட்டியது. பட்டா உரிமையைத் தரும். அந்த மனையின் சந்தை மதிப்பையோ, வெளியே வாடகைக்கு வீடு தேடினால் கதவு திறக்கும் என்ற உறுதியையோ தராது. டெல்லி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் கூடுதலாக மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது. சிறு நகரத்தில் சொந்தமும் சாதியும் முன்பே தெரிந்துவிடுவதால், அங்கே இத்தகைய ஆய்வு இன்னும் அவசியம்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவு இந்த மூன்றாம் விடையின் மீதே எழுந்தது. 2015இல் தொடங்கிய திட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60,000 என 2.10 லட்சம் ரூபாய் மானியம் தரப்பட்டது. மனைக்கு உரிமைப் பத்திரம் உள்ளவரே இதைப் பெற முடியும். கட்டுமானச் செலவில் மானியம் போக மீதியை நகை அடகிலோ குழுக் கடனிலோ திரட்ட வேண்டும். ஏழைகளுள் ஓரளவு வேர் பிடித்தவருக்கு இது உதவும். வாடகைக்கு இருப்பவர் இதற்கு வெளியே நிற்கிறார்.

நான்காம் விடை: வாடகைச் சந்தை

வெளியே நிற்பவர் தொகை சிறிதன்று. 2011இல் இந்திய நகரக் குடும்பங்களில் 27.5 விழுக்காடு வாடகையில் இருந்தன; தமிழ்நாட்டு நகரங்களில் அது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு. இருந்தும் வீட்டுக் கொள்கை என்றாலே சொந்த வீட்டுக் கொள்கை என்ற எண்ணம் மாறவில்லை. 2020இல் பெருந்தொற்றால் இடம்பெயர் தொழிலாளர் கால்நடையாக ஊர் திரும்பிய பிறகே மலிவு வாடகை வளாகங்களுக்கென மத்திய திட்டம் அறிவிக்கப்பட்டது.

வாடகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. கட்டுப்பாடே வாடகை வீடுகளைக் குறைத்துவிட்டது என்பது எதிர்த்தரப்பு. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதல் தரப்பைச் சேர்ந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் தரப்பை நோக்கி நகர்ந்தது: எழுத்து ஒப்பந்தம், அதன் பதிவு, இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் வாடகை. ஆனால் லைன் வீட்டு வாடகை வாய்ப்பேச்சில் நடக்கிறது. பதிவு இல்லாத ஒப்பந்தத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடுவது கடினம்.

இரு தரப்பும் கவனிக்காத ஒரு முறை மதுரை, தேனி வட்டாரத்தில் பரவலாக உள்ளது: ஒத்தி. குடியிருப்பவர் ஒரு மொத்தத் தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையின்றி இருப்பார். காலம் முடிந்ததும் தொகை திரும்ப வர வேண்டும். தென்கொரியாவின் சொன்சே முறையும் இத்தகையதே. அங்கே அண்மை ஆண்டுகளில் முன்பணம் திரும்பாமல் பலர் ஏமாந்தது பெரும் அரசியல் சிக்கலானது. சொந்தச் சேமிப்புள்ளவருக்கு ஒத்தி லாபம். கடன் வாங்கிக் கொடுப்பவருக்குக் கணக்கு வேறு. எடுத்துக்காட்டாக, 2 லட்ச ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய் வட்டி. அதுதான் அவருடைய உண்மையான வாடகை. எந்தக் கணக்கெடுப்பிலும் அது வாடகை என்ற பத்தியில் ஏறாது. இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் கோரினாலும், பல ஒத்திகள் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகின்றன. வீட்டின் மேல் வேறு கடன் இருந்தால் கொடுத்த பணம் சிக்கிக்கொள்ளும்.

மறைந்த செலவுகள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஒரே இணைப்பிலிருந்து பல வீடுகளுக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கும்போது அந்தச் சலுகை குடியிருப்பவரை எட்டுவதில்லை. தாங்கக்கூடிய வாடகை வருமானத்தில் 30 விழுக்காடு என்ற உலக வழக்கும் இங்கே தெளிவு தராது. அமெரிக்க அரசு வாடகை உதவியில் 25 விழுக்காடாகத் தொடங்கி 1981இல் 30 ஆன அளவு அது. வீட்டுச் செலவு போக உணவுக்கும் மருந்துக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும் என 1993இல் மைக்கேல் ஸ்டோன் வைத்த அளவுகோல், தினக்கூலிக் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமானது.

ஐந்தாம் விடை: கூலியும் வேலையிடமும்

எங்கெல்ஸ் 1872இல் எழுதிய கட்டுரைத் தொடரில், வீட்டுச் சிக்கலைத் தனியே தீர்க்க முடியாது என்றார். தொழிலாளிக்குச் சொந்த வீடு கொடுத்தால் வாடகை மிச்சமாவதைக் காட்டிக் கூலியைக் குறைப்பார்கள். அவரும் ஓரிடத்தில் கட்டுண்டு பேரம் பேசும் வலிமையை இழப்பார் என்பது அவர் வாதம். வசதியைக் கூட்டும் சிறு சீர்திருத்தங்களின் பயனை இது குறைத்து மதிப்பிடுகிறது என்பது நியாயமான எதிர்ப்பு. இருந்தாலும் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, மற்ற நான்கும் கேட்காத ஒரு கேள்வியை இந்த விடையே கேட்கிறது: தொழிலாளியின் குடியிருப்புச் செலவை யார் ஏற்பது?

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தப் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்தது. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களில் லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகள் எழுந்தன. ஏலத் தோட்டங்களும் 1981 திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் என்ற வரம்புக்குக் கீழான தோட்டங்கள் வெளியே நின்றன. ஏலத்தில் சிறு உடைமைகள் மிகுதி. லய வாழ்க்கையும் இலட்சிய வாழ்க்கை அன்று: வேலை போனால் வீடும் போகும்.

கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் ஏறி மாலையில் இறங்குகிறார்கள். மேலே கிடைக்கும் கூலி கீழே வயல்வேலைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல். அவர்கள் இரவு உறங்கும் வீட்டின் செலவு தோட்டத்தின் கணக்கில் வராது. அது பள்ளத்தாக்குத் தெருவின் வாடகையாகவும் ஒத்தி வட்டியாகவும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தோட்டத்தின் வரி வருவாய் ஒரு மாநிலத்துக்கு, தொழிலாளியின் தெருவுக்குக் குழாய் போடும் பொறுப்பு மறுமாநில நகராட்சிக்கு. 2011 இறுதியில் முல்லைப் பெரியாறு அணை குறித்து இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த பதற்றத்தின்போதும் 2020 பொதுமுடக்கத்தின்போதும் பாதைகள் அடைபட்டன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை.

இந்த விடைக்கும் வரம்பு உண்டு. பஞ்சாலைத் தொழிலாளி, சந்தைச் சுமைதூக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் வேலையிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அவர்களும் நெரிசலில்தான் வாழ்கிறார்கள். கூலி உயர்ந்தால் அதில் ஒரு பகுதியை வாடகை விழுங்கிவிடும் என்பதையும் மறுக்க முடியாது.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், அவை வெவ்வேறு குடும்பங்களைப் பற்றிப் பேசுகின்றன என்று சொல்வது தகும். கட்டட விடை இடிந்த வீட்டில் இருப்பவருக்கும், மேம்பாட்டு விடை பழைய தெருவாசிக்கும், பட்டா விடை புறம்போக்கில் வேர்விட்டவருக்கும், வாடகை விடை லைன் வீட்டில் குடியிருப்பவருக்கும், கூலி விடை ஜீப் ஏறுபவருக்கும் உரியது. பள்ளத்தாக்கு நகரங்களில் நிதி பெரும்பாலும் முதல் விடைக்கும் மூன்றாம் விடைக்கும் போகிறது. நான்காமதும் ஐந்தாமதும் ஏறக்குறையக் கொள்கைக்கு வெளியே இருக்கின்றன. வீட்டுச் செலவு என்பதை வாடகை, ஒத்தி வட்டி, சப் மீட்டர் கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக எடுத்துக்கொண்டால், இந்தப் புறக்கணிப்பின் அளவு இன்னும் தெளிவாகும் என்று எதிர்பார்க்கலாம்.

தீராமல் நிற்பவை மூன்று. ஒத்தியைப் பதிவுக்குள் கொண்டுவந்தால் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு கூடுமா, அல்லது பதிவுச் செலவுக்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் அதையே கைவிடுவார்களா என்பது ஒன்று. ஆட்சேபத்துக்குரிய புறம்போக்கிலிருந்து நகர்த்தப்படுவோருக்கு, முதல் ஜீப்பையும் முதல் பேருந்தையும் பிடிக்கும் தொலைவிலேயே நிலம் கண்டுபிடிக்க முடியுமா என்பது மற்றொன்று. 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் ரயில் திரும்பிய பிறகு நிலவிலை எப்படி நகரும் என்பதைப் பொறுத்து இதன் விடை மாறலாம். இரு மாநிலங்களுக்கிடையே தினமும் வந்துபோகும் தொழிலாளருக்கான குடியிருப்புச் செலவில் தோட்ட உடைமையாளர்களும் கேரள அரசும் பங்கேற்க ஏதேனும் ஏற்பாடு சாத்தியமா என்பது மூன்றாவது. தண்ணீருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒப்பந்தம் வைத்திருக்கும் இரு நிலப்பகுதிகள், உழைப்புக்கு அப்படி ஒன்றை இதுவரை எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியைத் தொடாத எந்த வீட்டுத் திட்டமும் பள்ளத்தாக்கில் ஒரு பகுதி விடையாகவே இருக்கக்கூடும்.